ஆறு பேரைச் சொல்கேட்க வைப்பது எப்படி என்ற கேள்விக்கு

கல்முனையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மென்பொருள் கம்பனியொன்றில் 4 வருடம் புரோகிராமராக இருந்தவரைப் போன மாதம் டீம் லீட் ஆக்கிவிட்டார்கள். கீழே 6 பேர். இரண்டு பேர் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இவரோடு ஒரே பட்ச். மூன்று பேர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். மிச்சம் ஒருவர் இவரைவிட 9 வயது மூத்தவர். மீட்டிங்கில் எல்லோருக்கும் முன்னால் இவரைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். "நான் ஒண்டைச் சொன்னா எல்லாரும் ஓம் எண்டுறாங்க. ஆனா வேலை சொன்ன நாளைக்கு முடியுதில்ல. இவங்களைச் சொல்கேட்க வைக்கிறது எப்படி, அதுக்கு என்ன கோர்ஸ் படிக்கலாம்?" இதுதான் அவர் எழுதியது.

தங்கை, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர்கள் உங்கள் சொல்லைக் கேட்கிறார்கள். ஓம் என்கிறார்கள், வேலையைத் தொடங்கவும் செய்கிறார்கள். இடையில் எங்கோ ஒருவருக்கு இது முடியாது என்று தெரிந்துவிடுகிறது. அது உங்களிடம் வந்து சேர்வதில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது, "அவங்களுக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் நேரத்துக்கு வருதில்ல?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலில் 19 வருடம் இருக்கிறேன், அதில் கடைசி 12 வருடம் குழு நடத்துவதில் போனது, முதலில் கொழும்பில், பிறகு ஊருக்குத் திரும்பி மட்டக்களப்பில். நான் நடத்திய குழுக்கள் 3 பேரிலிருந்து 12 பேர் வரை. அந்த அளவுக்கு உட்பட்டதை மட்டும்தான் சொல்கிறேன். நூறு பேர் உள்ள நிறுவனத்தை நிர்வகிப்பது வேறு வேலை.

எனக்கு இது விளங்கியது 2014இல். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடைய பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை. கெட்டிக்காரப் பொடியன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் "எப்படிப் போகுது?" என்று கேட்பேன். "ஓம் அக்கா, போகுது" என்பான். மூன்று கிழமை இப்படியே போனது. மாற்றுவதற்கு முந்தின இரவுதான் தெரிந்தது, பழைய பதிவுகளில் பாதியில் திகதி நாள் முதலாகவும், மீதியில் மாதம் முதலாகவும் எழுதப்பட்டிருக்கிறது. 03/04 என்று இருந்தால் அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று எந்த நிரலாலும் பிரித்தறிய முடியாது. வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அவனுக்கு இது நாலாம் நாளே தெரியும். கோபம் அடங்கிய பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்படிப் போகுது எண்டுதானே அக்கா கேட்டீங்க. போய்க்கொண்டுதான் இருந்திச்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னான். அந்த வேலை தொடங்கிய கிழமையில் வேறொருவர் ஒரு சிக்கலைச் சொன்னபோது நான் எல்லோருக்கும் முன்னால் "இதைக்கூடப் பார்க்கேல்லையா?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அறையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் நினைவிருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எதிராக வந்தது: நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் பிழையை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதே காரணம் என்று அவர் கண்டார். 1999இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் இதை உளப் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்கினார். பிற்பாடு கூகுள் தன் நிறுவனத்துக்குள்ளேயே 180 குழுக்களைப் பார்த்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே முக்கியம், அதிலும் பயமில்லாமல் பேசக்கூடிய நிலை முதலாவது என்று சொன்னது. பயம் உள்ள இடத்தில் செய்தி ஒளியும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்தப் பயத்தைப் போக்க அங்கே சொல்லப்படும் வழிகளெல்லாம் இங்கே அப்படியே பலிக்கும் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் நம்முடைய பயத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது. புதிதாக வந்த மூன்று பிள்ளைகளும் உங்களை "மிஸ்" என்று கூப்பிடுகிறார்களா? அப்படியானால் கவனியுங்கள். அது வகுப்பறைச் சொல். அதோடு வகுப்பறைப் பழக்கமும் வந்துவிடும்: சரியான விடை தெரிந்தால் மட்டும் வாயைத் திறப்பது, செய்யாத வீட்டுவேலையைப் புத்தகத்துக்குள் மறைப்பது, பக்கத்தில் இருப்பவனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. 13 வருடம் பள்ளிக்கூடத்தில் பழகியதை அவர்கள் உங்கள் ஒரு பேச்சில் விடமாட்டார்கள். அதற்காக முறைசொல்லிக் கூப்பிடுவதை ஒழிக்கச் சொல்லவில்லை. வெளிநாட்டு வழக்கம் என்று ஒருமுறை எல்லோரும் எல்லோரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் யாரும் யாரையும் கூப்பிடவே இல்லை. தோளைத் தட்டினார்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். அக்கா, அண்ணன், காக்கா, ராத்தா எல்லாம் இருக்கட்டும். அவற்றில் பாசமும் இருக்கிறது. "மிஸ்" என்பதை மட்டும் மெல்ல "அக்கா"வாக மாற்றிவிட முடிந்தால் மாற்றுங்கள். அக்காவிடம் பிழையைச் சொல்லலாம் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும்.

மாற்ற வேண்டியது உங்கள் கேள்விகளை. "முடிஞ்சுதா?", "எப்படிப் போகுது?" இரண்டுக்கும் ஓம் என்று சொல்லித் தப்பலாம். ஓம் என்று சொல்ல முடியாத கேள்வியைக் கேளுங்கள். "இது வியாழக்கிழமை முடியாமப் போனா எதனால போகும்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்; தேடும்போது உண்மையான காரணம் வாயில் வந்துவிடும். "இதுல உங்களுக்கு இன்னும் விளங்காம இருக்கிறது எது?" என்பதும் நல்லது, ஏதோ ஒன்று விளங்காமல்தான் இருக்கும் என்று நீங்களே முதலில் ஒத்துக்கொண்டுவிடுவதால். வேலையை இரண்டு நாளுக்கு மேற்படாத துண்டுகளாகப் பிரியுங்கள். பத்து நாள் வேலையில் "90 வீதம் முடிஞ்சுது" என்ற பதில் ஆறு நாளைக்கு அப்படியே நிற்கும். இரண்டு நாள் துண்டு முடிந்ததா இல்லையா என்பது மூன்றாம் நாள் காலையில் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். முடிந்தது என்றால் என்ன என்பதையும் முதலே எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது தன் கணினியில் ஓடுவது, இன்னொருவருக்குச் சோதித்து, மற்றவர் பார்த்து, சேர்வரில் ஏறியிருப்பது.

கெட்ட செய்தி முதல்முறை வரும் நாள் இருக்கிறதே, அதுதான் உங்களுக்குச் சோதனை. சொல்பவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். "எப்பத் தெரியும்?" என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வரும். அதை விழுங்குங்கள். முதலில் "சொன்னது நல்லம்", அடுத்தது "இப்ப என்ன செய்யலாம்?". எப்போது தெரியும் என்பதை இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கேட்கலாம். அப்போதும், "முதலே சொல்ல எது தடையா இருந்திச்சு?" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். அதோடு உங்கள் பிழையை நீங்கள் முதலில் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் நிரலைப் புதிய பிள்ளைகளில் ஒருவரிடம் கோட் ரிவியூவுக்கு, அதாவது வாசித்துப் பிழை பார்க்க, கொடுங்கள். முதல் மாதம் "நல்லா இருக்கு அக்கா" என்றுதான் எழுதுவார்கள். "இதில ரெண்டு இடம் எனக்கே திருப்தியில்ல, கண்டுபிடிங்க" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது நான் நினைத்திராத மூன்றாவது பிழையை ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் மீட்டிங்கில் பேசத் தொடங்கினாள்.

பேசுவது என்றதும் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்முடைய ஊர்களில் கம்பனி மீட்டிங்கை ஆங்கிலத்தில் நடத்துவது ஒரு கௌரவமாக இருக்கிறது. வாடிக்கையாளர் இருக்கும்போது அது தேவை. உள்ளுக்குள் நாமே கதைக்கும்போது எதற்கு? ஆங்கிலம் சரளமாக வருபவர் கருத்துச் சொல்வார், வராதவர் தலையாட்டுவார். எனக்கு வாய்த்த மிகத் திறமையான தரவுத்தளக்காரர் ஒருவர் இரண்டு வருடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தமிழில் கதைக்க ஆரம்பித்த கிழமையில், நாங்கள் முடிவெடுத்து வைத்திருந்த வடிவமைப்பு ஏன் சரிவராது என்பதைப் பத்து நிமிடத்தில் விளக்கினார். ஆகவே என் பழக்கம் இது: தமிழில் வாதாடுவோம், முடிவை ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுவோம். குழுவில் சிங்களம் பேசும் ஒருவர் இருந்தால் இது மாறும். அப்போது எல்லோருக்கும் பொதுவான மொழியில் மெதுவாகக் கதைப்பதைத் தவிர வேறு நேர்மையான வழியில்லை.

மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன், உங்களை உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. இதில் ஆராய்ச்சி எதையும் துணைக்கு இழுக்கமாட்டேன், என் அபிப்பிராயம் மட்டும். அவர் "தங்கச்சி" என்று கூப்பிடுவதைப் பொருட்படுத்தாதீர்கள். என்னையும் முதல் லீட் வேலையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்; அதைத் திருத்தப்போய் ஒரு மனிதரை ஒரு வருடம் இழந்தேன். அவருக்கு அந்த லீட் பதவி கிடைக்கும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம், வீட்டிலும் கேட்டிருப்பார்கள். முக்கியமான எந்த முடிவையும் மீட்டிங்கில் முதல்முறை அவர் கேள்விப்படும்படி வைக்காதீர்கள். முதல்நாளே போய், "அண்ணன், நான் இப்படி யோசிக்கிறன், இதில ஓட்டை எங்க இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். குழுவில் ஒரு பகுதியை, சேர்வர் பாதுகாப்போ தரவுத்தளமோ, முழுதாக அவர் பொறுப்பில் விடுங்கள், அங்கே உங்கள் கையை வைக்காதீர்கள். அவரை எல்லோருக்கும் முன் மறுக்க வேண்டி வந்தால் காரணத்தை மறுங்கள், ஆளை விடுங்கள். இறுதி முடிவு யாருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும். அதில் உங்கள் பெயர் இருந்தால் போதும், வாயால் சொல்லிக் காட்டத் தேவையில்லை. இவ்வளவும் செய்து 6 மாதத்தில் ஒன்றும் மாறாவிட்டால் உங்கள் மனேஜரிடம் போகத்தான் வேண்டும். சிலரோடு அப்படியும் முடியும்.

வேலை பிந்தும்போது மேலிடம் உங்களுக்கு ஒரு உதவி செய்ய வரும்: "இன்னும் ரெண்டு பேர் தாறம்." யோசித்து வாங்குங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975லேயே இதை எழுதிவிட்டார்: பிந்திய வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும். அதோடு கதைக்க வேண்டிய சோடிகளும் பெருகும். 5 பேருக்குள் 10 சோடி. நீங்களும் சேர்த்து 7 பேர் என்றால் 21. 12 பேரில் 66. வேலையின் தொடக்கத்தில் ஆள் சேர்ப்பது வேறு கதை; ஒன்றோடொன்று ஒட்டாத வேலையாக இருந்தாலும் ஓரளவு பலிக்கும். கடைசிக் கிழமைகளில் நீங்கள் கேட்க வேண்டியது ஆளை அல்ல, எதை விடலாம் என்பதை. வாடிக்கையாளரிடம் போய் "இந்த மூன்றும் சொன்ன நாளில் வரும், இந்த இரண்டும் அடுத்த மாதம்" என்று சொல்ல உங்கள் மனேஜரை இணங்க வைப்பதுதான் அந்தக் கட்டத்தில் லீட் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. அதைச் சொல்லவும் உங்களுக்கு உண்மை முதலே தெரிந்திருக்க வேண்டும்.

2022 எங்களுக்கு இன்னொன்றைப் படிப்பித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏறாவூரில் ஒருவருக்குக் கரண்ட் இருக்கும்போது அக்கரைப்பற்றில் ஒருவருக்கு இருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருப்பது என்பதே நின்றுபோனது. அப்போதுதான் எழுதிவைக்கப் பழகினோம்: வேலையை நிறுத்தும்போது எங்கே விட்டேன், அடுத்தது என்ன, எது சந்தேகம், மூன்று வரி. அது முடிந்தபிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, ஏனென்றால் அதே வருடம் ஆட்கள் வெளிநாடு போகத் தொடங்கினார்கள். சேர்வர் விபரம் முழுவதையும் தன் தலையில் வைத்திருந்த ஒருவர் ஒரு மாத அறிவித்தலோடு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எதுவும் இருக்கக்கூடாது என்று நான்தான் முதலே பார்த்திருக்க வேண்டும். உங்கள் 6 பேரில் ஒவ்வொருவரும் நாளைக்கே விசா வந்து போனால் எது நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிற்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் ஆள் ஒருவரை இந்த மாதமே பக்கத்தில் இருத்துங்கள்.

நாள்காட்டியைப் பார்த்து வேலையைத் திட்டமிடுங்கள் என்று சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். நம்முடைய கரையில் அது சின்னது இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ரிலீஸ் வைத்தால் குழுவில் பாதி இருக்காது. நோன்பு மாதத்தில் பின்னேர மீட்டிங் யாருக்கும் பயன்படாது, காலையில் வையுங்கள். கோயில் சடங்குக் காலம், நத்தார், பொங்கல் எல்லாம் வருடத் தொடக்கத்திலேயே தெரியும். யாரும் வந்து லீவு கேட்டுக் கூச்சப்படும் முன் நீங்களே அதைத் திட்டத்தில் போட்டுவிட்டால், சொல்லாமலே ஒரு நம்பிக்கை உண்டாகும். பெண்பிள்ளைகள் இரவு எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று தெரியாமல் "இண்டைக்குக் கொஞ்சம் நிண்டு முடிப்பம்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். கடைசி பஸ் போய்விட்டால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். இரண்டாம் முறை நடந்தால் அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிடுவாள், காரணமும் சொல்லமாட்டாள்.

நீங்கள் எவ்வளவு நிரல் எழுதலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். முதல் மாதங்களில் கை பரபரக்கும். யாராவது தடுமாறினால் "தாங்க, நான் செய்யிறன்" என்று வாங்கி இரவில் முடித்துவிடுவீர்கள். நம் பக்கத்துக் கூத்தில், ஆட்டம் பழக்கி மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒருவனுக்கு ஆட்டம் பிசகுகிறது என்று மத்தளத்தை வைத்துவிட்டு அவனுடைய வேஷத்தைத் தான் கட்டிக்கொள்வதில்லை. தாளம் நின்றால் களரியில் மற்ற எல்லோரும் நின்றுவிடுவார்கள். நீங்களும் எழுதுங்கள், ஆனால் உங்களால் பிந்தினால் மற்றவர் வேலை நின்றுவிடக்கூடிய பகுதியை எடுக்காதீர்கள். இன்னொன்றும் அவர்களிடம் இருக்கிறது: அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல். முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்காமல் மேடைக்கு விடமாட்டார்கள். அந்தத் திகதிச் சிக்கலுக்குப் பிறகு, உண்மையான தரவின் பிரதியை வைத்து ஒரு கிழமைக்கு முன் முழுதாக ஓட்டிப் பார்க்காமல் எந்த மாற்றத்தையும் நான் வெளியே விட்டதில்லை.

ஒருவர் உண்மையிலேயே வேலை செய்யவில்லை என்றால்? முதலில் அவருக்கு வேலை தெளிவாகச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் அங்கேயே தீர்ந்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் தனியாக, நாளும் சம்பவமும் சொல்லி, என்ன மாற வேண்டும் என்று நேரே பேசுங்கள். சுற்றி வளைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கோர்ஸைப் பற்றி. ஸ்க்ரம் என்பது குழுவேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நடத்தும் ஒரு முறை; அதன் சான்றிதழ் போன்றவை சொற்களைக் கற்றுத்தரும், நேர்முகத் தேர்விலும் உதவும். காசு கம்பனி கட்டினால் செய்யுங்கள், கைக்காசைப் போட்டு இப்போது செய்ய வேண்டாம். இப்படிப்பட்ட முறைகளுக்குப் பொதுவான கொள்கையாக 2001இல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை ஒரு பக்கம்தான், இலவசமாக வாசிக்கலாம். குழு நாளாந்தம் கூடும் காலை ஸ்டாண்டப் மீட்டிங் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்ற ஸ்க்ரம் விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தை ஒவ்வொருவரோடும் தனித்தனியாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் இருந்து கதைப்பதில் செலவழியுங்கள். தேத்தண்ணியோடு, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வேலைப் பட்டியல் இல்லாமல். முதல் இரண்டு முறையும் ஒன்றும் வராது. மூன்றாம் முறை ஏதாவது வரும்.

திங்கட்கிழமை காலை அந்த மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். "அண்ணன், இந்த வேலையில எனக்குத் தெரியாம இருக்கிற பிரச்சினை எது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேச எடுக்கும் நேரம் எவ்வளவானாலும் இடையில் எதுவும் சொல்லாமல் இருங்கள். என்ன சொன்னார் என்று வந்து எழுதினால், அதிலிருந்து மேற்கொண்டு பார்ப்போம்.